பன்னிரண்டாவது குழி

"எட்டு! எட்டு! எட்டு!"

காற்று எங்கள் பக்கம் வீசினால் அந்தக் குரல் வகுப்பறைக்குள் தெளிவாகக் கேட்கும். கல்குவாரியில் திரிக்கு நெருப்பு வைப்பதற்கு முன்னால் வெடிக்காரர் மூன்று முறை கத்துவார். அன்றைக்கு எத்தனை குழியில் மருந்து அடைத்திருக்கிறார் என்ற எண்ணிக்கை அது. எதிர் மேட்டில் தகர டின்னோடு நிற்கும் பெண் "எட்டு!" என்று திருப்பிச் சொல்வாள். பிறகு எல்லோரும் ஓடி ஒளிவார்கள்.

நான் சாக்பீஸைக் கீழே வைப்பேன். முப்பது பிள்ளைகளும் சிலேட்டை மடியில் கவிழ்த்துவிட்டு விரலை மடக்கத் தயாராக உட்காருவார்கள். உச்சி வெயில் நேரம். காக்கைகூடக் கத்தாது.

அன்றைக்கும் அப்படித்தான். முதல் வெடி. ஓட்டுக் கூரையிலிருந்து தூசி உதிர்ந்து என் மேசை மேல் விழுந்தது.

"லாபம்," என்று முணுமுணுத்தது வகுப்பு.

"ஒன்று!" என்று பிரம்பால் மேசையைத் தட்டினேன். "ஒன்று என்று சொல்ல வாய் வலிக்கிறதா?"

அந்தப் பக்கத்தில் ராகி அளந்தாலும் புளி அளந்தாலும் முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள். அடுத்ததுதான் ரெண்டு. அளக்கிற இடத்தில் நல்ல வார்த்தை முதலில் விழட்டும் என்ற எண்ணம். வெடியையும் அப்படியேதான் எண்ணினார்கள். கணக்கு டீச்சர் நான், எனக்கு எரிச்சலாக வரும்.

இரண்டு. மூன்று. நான்கு. திரியை நீளம் மாற்றி வெட்டியிருப்பதால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் வெடிக்கும். ஏழு. எட்டு. பிள்ளைகள் கையைக் கீழே போட்டார்கள். நான் சாக்பீஸை எடுத்தேன்.

அப்போது இன்னொன்று வெடித்தது.

முப்பது பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பு ஜரீனா எழுந்து நின்றாள். குவாரிச் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். கேள்வி கேட்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"எட்டுதான டீச்சர் சொன்னாங்க? இது யாரு வெச்சது?"

"உட்கார்" என்றேன்.

நான் போய்ச் சேர்ந்த இடம்

சென்ற வாரம் இந்தத் தொடரை, சேலத்தில் வேலை உத்தரவைக் கையில் வாங்கியதும் அம்மா மூன்று நாள் என்னோடு பேசாத கதையோடு நிறுத்தியிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு சாமல்பட்டி ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் ஏறி, பர்கூர் வந்து, அங்கிருந்து நடந்து போய்ச் சேர்ந்தேன். ஐம்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தைத் துல்லியமாகக் கேட்டு யாரும் கடிதம் போடவேண்டாம்.

ஒரே அறை, ஒரே டீச்சர். நான்தான் ஐந்து வகுப்புக்கும். ஒரு பக்கம் புளியமரம், எதிரே பொட்டல், பொட்டலுக்கு அப்பால் குவாரி. மண்ணுக்கு மேலே முதுகு காட்டிப் படுத்திருக்கும் கரும்பாறை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கணக்கில் யாராவது தப்பு செய்தால் மூக்குக்கு மேல் கோபம் வரும். வாழ்க்கையில் எது எப்படிப் போனாலும் கணக்கு மட்டும் நம்மை ஏமாற்றாது என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். கல்யாணப் பேச்சு ஒன்று முறிந்த புதிது. அந்தக் கோபமும் அதில் கலந்திருந்தது.

பக்கத்து வீடு குப்பம்மாவுடையது. முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், ஊரைக் கூட்டுகிற குரல். புருஷன் கோலார் தங்கவயலுக்குப் போனவர், திரும்பவில்லை. நான் சொன்னேனே, மேட்டில் தகர டின்னோடு நிற்கும் பெண் என்று, அது அவர்தான். நெருப்பு வைத்தவர் ஓடிக்கொண்டிருப்பார், அவர் காது அடைத்துப் போயிருக்கும், அவரால் எண்ணமுடியாது. எண்ணுவது குப்பம்மாவின் வேலை. சொன்ன எண்ணிக்கைக்குச் சத்தம் சரியாக இருந்தால் டின்னைத் தட்டுவார். குறைந்தால் தட்டமாட்டார். ஏதோ ஒரு குழி வெடிக்காமல் கிடக்கிறது என்று அர்த்தம்.

அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. எண்ணினவர்தான் முதலில் பள்ளத்தில் இறங்கவேண்டும். அவர் கால் வைத்த பிறகுதான் மற்ற பெண்கள் கூடையோடு இறங்குவார்கள்.

"இதென்ன அநியாயம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னா அநியாயம்? எண்ணிக்கினு இருக்கறவ மனசு எங்கியாவது மேயக்கூடாது இல்ல? தன் காலு போவும்னா ஒழுங்கா எண்ணுவா," என்றார் குப்பம்மா. சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு உருண்டை களி வைத்தார்.

கொப்புளக் கணக்கு

இந்த இடத்தில் ஒரு பாடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவசரப்படாதீர்கள், காரணம் இருக்கிறது.

மூன்று நாலு பன்னிரண்டு என்றால் நாலு மூன்றும் பன்னிரண்டுதான் என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க வாய்ப்பாட்டை உருப்போட்டால் போதாது. புளியங்கொட்டையைத் தரையில் பரப்பினேன். மூன்று வரிசை, வரிசைக்கு நாலு. எல்லோரையும் எழுந்து பக்கவாட்டில் வந்து நிற்கச் சொன்னேன். இப்போது நாலு வரிசை, வரிசைக்கு மூன்று.

"யாராவது கொட்டையைத் தொட்டீர்களா?"

"இல்ல டீச்சர்!"

"கூடிற்றா, குறைந்ததா?"

"இல்ல டீச்சர்!"

"நாம்தான் நகர்ந்தோம். கணக்கு நகரவில்லை," என்று பெருமையாகச் சொன்னேன். கூட்டலும் அப்படித்தான், எந்த வரிசையை முதலில் எடுத்தாலும், எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் கடைசியில் அதே பன்னிரண்டு என்று காட்டினேன்.

ஜன்னலுக்கு வெளியே சிரிப்புச் சத்தம். குப்பம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏன் டீச்சர், நாலு பேரு ஆளுக்கு மூணு குழி போடறதும், மூணு பேரு ஆளுக்கு நாலு குழி போடறதும் ஒண்ணா? கையக் காட்டச் சொல்லி கொப்புளத்த எண்ணிப் பாருங்க!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. அன்று இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடும்போது அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஜரீனாவின் சங்கடம் வேறு. "பூஜ்யத்தக் கூட்டுனா ஒண்ணும் ஆவாது. சரி. பூஜ்யத்தால பெருக்குனா மட்டும் எல்லாம் பூஜ்யம் ஆவுதே, அப்ப அதுவரைக்கும் இருந்ததெல்லாம் எங்க போவும் டீச்சர்?"

"எங்கேயும் போகாது. இல்லாமல் போகும்," என்றேன் வெடுக்கென்று.

முனியப்பன் பங்கு

அந்த அதிகப்படி வெடி ஒருநாளோடு நிற்கவில்லை. மறுநாள் ஆறு என்றார்கள், ஏழு வெடித்தது. அதற்கடுத்த நாள் பத்து, பதினொன்று வெடித்தது. ஒரு வாரத்துக்கு மேல் இப்படியே நடந்தது. தினமும் சரியாக ஒன்று அதிகம். இரண்டு அதிகமில்லை, பாதி அதிகமில்லை. ஒன்று.

எதிரொலி என்று நானே முதலில் சொன்னேன். எதிரொலி என்றால் எல்லா வெடிக்கும் அல்லவா கேட்கவேண்டும்? கடைசி ஒன்றுக்கு மட்டும் எப்படி?

பழைய வெடிக்காரர் வேறு குவாரிக்குப் போய், புதிதாக ஒருவர் வந்திருந்தார். பேரிகைப் பக்கத்துக்காரர், திம்மராயப்பா என்று பெயர். பாதி தெலுங்கு, பாதி தமிழ், பயபக்தியான மனிதர். பாறை ஓரத்தில் மஞ்சள் பூசிய முனியப்பன் கல் ஒன்று இருந்தது. அதற்குப் பூப்போடாமல் திம்மராயப்பா குழியில் கைவைக்கமாட்டார். அந்த முனியப்பன்தான் தன் பங்குக்கு ஒன்று வெடிக்கிறார் என்று ஊர் முடிவு செய்தது. ஒரு சேவல் அறுத்தார்கள். மறுநாளும் ஒன்று அதிகமாகவே வெடித்தது.

பயமாக இருந்தாலும் யாரும் வேலையை நிறுத்தவில்லை. குறைந்தால்தானே ஆபத்து? கூடினால் என்ன?

பள்ளிக்கூடத்தில்தான் அது உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் எண்ணி முடித்தபிறகு ஒரு விரலை நீட்டியபடியே வைத்திருப்பார்கள். அதற்காகக் காத்திருப்பார்கள். கடைசிச் சத்தம் வந்ததும் அந்த விரலை மெதுவாக மடக்கிக்கொள்வார்கள். முப்பது பேரும், ஒரு வார்த்தை பேசாமல். ஏழையும் ஐந்தையும் கூட்டு என்றால், ஒரு பயல் பதிமூன்று என்று எழுதினான். ஏனடா என்றால், "அது ஒண்ணையும் சேர்த்துட்டேன் டீச்சர்" என்றான்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! என் கண்ணெதிரே கூட்டலில் பேய் புகுந்துவிட்டது. இதை விட்டுவைப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

அன்று சரியாக வந்தது

மறுநாள் காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பொட்டலின் மேட்டுக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்து பார்த்தால் பாறையின் தட்டையான மேல்படி நன்றாகத் தெரியும். அன்று வெடிக்கப்போகும் குழிகள் ஒவ்வொன்றிலும் மண் விழாமலிருக்க எருக்கங்கொத்து செருகியிருந்தார்கள்.

"எண்ணுங்கள்!"

மூன்று வரிசை. வரிசைக்கு நாலு. மூன்று நாலு பன்னிரண்டு. பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தோம், நாலு மூன்று பன்னிரண்டு. ஜரீனா வரிசை வரிசையாகக் கூட்டினாள், இன்னொருத்தி கடைசியிலிருந்து கூட்டினாள். எல்லாம் பன்னிரண்டு. திரும்பி வந்து கரும்பலகையில் ஆள் உயரத்துக்கு 12 என்று எழுதினேன்.

உச்சி வேளை வந்தது. குரலும் வந்தது.

"பதினொண்ணு! பதினொண்ணு! பதினொண்ணு!"

நான் சிரித்துவிட்டேன். உண்மையாகவே கைதட்டிச் சிரித்தேன். "பார்த்தீர்களா உங்கள் முனியப்பனை! அந்த மனிதருக்கு எண்ணத் தெரியவில்லை. பதினொன்றை இப்படிச் சம வரிசையில் அடுக்கமுடியுமா? இப்போது பன்னிரண்டு வெடிக்கும், பாருங்கள்."

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு குரலாவது கொடுத்திருக்கலாம். பன்னிரண்டும் வெடிக்கட்டும், பிறகு போய் அந்த ஆளை நாலு வார்த்தை கேட்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது.

ஒன்று. இரண்டு. கூரையிலிருந்து தூசி. ஒன்பது. பத்து. பதினொன்று.

பிள்ளைகள் ஒரு விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். நானும்தான். சுவரில் ஒரு பல்லி ஓடியது. சாக்பீஸ் என் விரல் வியர்வையில் ஈரமானது.

ஒன்றும் வரவில்லை.

"சரியா வந்துடுச்சு!" என்று ஒரு பையன் கத்தினான். "இன்னைக்கு முனியப்பன் வரல!" வகுப்பே குதித்தது. தூரத்தில் குவாரியிலும் ஆரவாரம். ஒரு வாரத்துக்குப் பிறகு சொன்னதும் கேட்டதும் ஒன்றாக வந்திருக்கிறது. டின் சத்தம் கேட்டது. டண் டண் டண் என்று, என்றைக்கும் இல்லாத சந்தோஷத்தோடு.

நான் கரும்பலகையைப் பார்த்தேன். 12 என்று இருந்தது. ஐயோ, குப்பம்மா!

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். பொட்டலில் பாதி தூரத்தில், காலையில் அங்கே இல்லாத ஒரு பெரிய கல் பாதையில் உருண்டு வந்து கிடந்தது. அதில் தடுக்கிக் குப்புற விழுந்தேன். முழங்கால் கிழிந்தது, அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. எழுந்து, "இறங்காதீங்க! இறங்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

குப்பம்மா ஒரு காலைப் பள்ளத்துக்குள் வைத்திருந்தார். என் குரல் கேட்டதும் அந்தக் காலை அப்படியே வெளியே எடுத்தார். ஏன், என்ன என்று கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை என்னால் மறக்கமுடியாது.

பதினோரு கூழாங்கல்

"பன்னெண்டா? லேதம்மா, பதினொண்ணுதான். நானே மருந்து வெச்சேன்," என்றார் திம்மராயப்பா. கோபமில்லை, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"எப்படி எண்ணினீர்கள், இங்கே வைத்துக் காட்டுங்கள்," என்றேன். முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

அவர் குத்த வைத்து உட்கார்ந்தார். கூழாங்கற்களைப் பொறுக்கினார். முதல் கல்லை எடுத்து, கண்ணில் ஒற்றி, "லாபம்" என்று சொல்லித் தனியாக வைத்தார். இரண்டாவது கல்லை வைத்து "ஒண்ணு" என்றார். மூன்றாவதை வைத்து "ரெண்டு" என்றார்.

குப்பம்மா டின்னைக் கீழே போட்டுவிட்டார்.

"யோவ்! லாபம்னா அதுதான்யா ஒண்ணு! அதுக்கு அப்பால ரெண்டு இல்ல வரும்?"

"அது சாமிக்கம்மா. எங்கப்பன் ராகி அளந்தாலும் அப்படித்தான். சாமிது எப்படி நம்ம கணக்குல வரும்?"

ஒரு வாரமாக எங்களையெல்லாம் ஆட்டிவைத்த பேய் அந்தத் தனிக் கூழாங்கல்தான். அவர் சாமிக்கென்று ஒரு குழியை விட்டுவிட்டு எண்ணினார். குப்பம்மா அதையும் சேர்த்து எண்ணினார். தினமும் ஒன்று அதிகமாகத்தானே வரும்? லாபம் என்பதை ஒருவர் பூஜ்யமாக வைத்தார், ஒருவர் ஒன்றாக வைத்தார். இரண்டு பேரும் அவரவர் கணக்கில் தப்பு செய்யவில்லை.

இன்றைக்கு மட்டும் சரியாக வந்துவிட்டது. அப்படியென்றால் ஒரு குழி இன்னும் வெடிக்கவில்லை.

திம்மராயப்பாவின் முகம் வெளிறியது. அதிலிருந்து மூன்று நாள் யாரையும் இறங்கவிடாமல், அவரே தனியாக இறங்கித் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேடினார். பள்ளத்தில் ஒவ்வொரு கல்லையும் புரட்டினார். கிடைக்கவில்லை. "ரெண்டு ஒரே சமயத்துல வெடிச்சிருக்கும், ஒரே சத்தமா கேட்டிருக்கும்," என்று குவாரி மேஸ்திரி தீர்ப்புச் சொன்னார். நான்காம் நாள் வேலை தொடங்கியது. டீச்சர் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வந்தது.

பத்திரமான இடம்

என்னை நம்பியது குப்பம்மா ஒருத்திதான். "டீச்சர் பன்னெண்டுன்னா பன்னெண்டுதான்," என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தில் இறங்க மறுத்துவிட்டார். ரோட்டு வேலைக்கு ஜல்லி உடைக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"எங்க உக்காந்து ஒடைக்கறது?" என்று யோசித்தார்.

"இங்கே பள்ளிக்கூட வாசலில் உட்காருங்கள். புளியமர நிழல் இருக்கிறது. இங்கே பத்திரம்," என்று நான்தான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

வாசலில் அப்போது புதிதாக ஒரு படிக்கல் வந்திருந்தது. நான் தடுக்கி விழுந்த அதே கல். திம்மராயப்பா அதைக் கடப்பாரையால் நெம்பி வண்டியில் ஏற்றி, தானே கொண்டுவந்து போட்டார். "உங்கள விழவெச்ச கல்லும்மா. இனிமே உங்க காலடியில கெடக்கட்டும்," என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கும் அவர் வழி அது என்று புரிந்தது. எனக்குக்கூடக் கண் கலங்கியது.

நல்ல கல். இரண்டு முழ நீளம், மேலே தட்டை. மழமழவென்ற ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம். பிள்ளைகள் வகுப்புக்குள் வரும்போது அந்தப் பள்ளத்தில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டு "லாபம்" என்று சொல்லிவிட்டு வருவார்கள். குச்சியால் சுரண்டி அதை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினார்கள். சுரண்டினால் மண்ணாக உதிர்ந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

குப்பம்மா அந்தக் கல் மேல் கருங்கல் துண்டை வைத்துச் சம்மட்டியால் உடைப்பார். டக். டக். டக். பாடம் நடத்தும்போது என் பேச்சும் அந்தத் தாளத்துக்கு வந்துவிட்டது. மூன்று நாலு, டக், பன்னிரண்டு, டக். உச்சி வேளையில் குவாரியில் வெடி வெடிக்கும். இப்போது திம்மராயப்பா லாபத்தையும் சேர்த்தே எண்ணியதால், சொன்னதும் கேட்டதும் சரியாக இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் எண்ணி முடித்தபிறகு ஒரு விரலை நீட்டியே வைத்திருந்தார்கள். அதட்டினேன், கெஞ்சினேன், நிற்கவில்லை.

"எதுக்காகக் காத்திருக்கிறீர்கள்?"

"அன்னிக்கு வரவேண்டியது இன்னும் வரல டீச்சர்," என்றாள் ஜரீனா.

கல்லுக்குள் நூல்

தை போய் மாசியும் பாதி போயிருக்கும். ஒருநாள் முற்பகல். ஜரீனா தண்ணீர் குடிக்கப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"டீச்சர், கல்லுக்குள்ள இருந்து நூலு வருது."

"உள்ளே வா."

"நெசமா டீச்சர். கறுப்பு நூலு. இழுத்தா வருது."

நான் திரும்பினேன். அவள் படிக்கல்லின் ஓரத்தில் குனிந்து, அந்தக் கட்டைவிரல் பள்ளத்திலிருந்து எதையோ விரலால் பிடித்திருந்தாள். தார் பூசின நூல். ஒரு சாண் வெளியே வந்திருந்தது. மறு ஓரத்தில் குப்பம்மா, கருங்கல் துண்டைச் சரியாகத் திருப்பி வைத்துவிட்டுச் சம்மட்டியை ஓங்கியிருந்தார்.

அந்த ஒரு கணத்தில் எனக்கு ஞாபகம் வந்தது, சொன்னால் நம்புவீர்களா, ஜரீனாவின் பழைய கேள்விதான். அதுவரைக்கும் இருந்ததெல்லாம் எங்கே போகும்?

"குப்பம்மா!"

அவ்வளவுதான் கத்தினேன். சம்மட்டி அந்தரத்தில் நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். அன்று பள்ளத்திலிருந்து காலை எடுத்தது போலவே, ஒரு கேள்வியும் கேட்காமல், சம்மட்டியை மெதுவாகப் புல்லின் மேல் கிடத்தினார். பிறகு ஜரீனாவின் கையை நூலிலிருந்து பிரித்து, அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். ஓடவில்லை, நடந்தார்.

பின்பக்க ஜன்னல் கம்பி இரண்டு ஏற்கெனவே பெயர்ந்திருந்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராக அதன் வழியாக இறக்கினேன். எண்ணினேன். இருபத்தொன்பது. உயிர் போய்விட்டது. திரும்ப எண்ணினேன், இருபத்தொன்பது. குப்பம்மா இடுப்பில் இருந்த ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டேன் என்று புரிய எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா!

திம்மராயப்பா வந்தார். எங்களையெல்லாம் மரத்துக்கு அப்பால் விரட்டிவிட்டுத் தனியாக அந்தக் கல்லின் முன்னால் மண்டியிட்டார். வெடித்த பாறையிலிருந்து ஒரு மூலை, மருந்தோடும் களிமண் அடைப்போடும் அப்படியே பெயர்ந்து, திரி அறுந்து, உருண்டு வந்திருந்தது. தூசி படிந்து காய்ந்த களிமண்ணுக்கும் கல்லுக்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பள்ளத்தில் அவர் தேடியபோது அது பொட்டலில் கிடந்தது. அதை அவரே தூக்கிக்கொண்டு வந்து முப்பது பிள்ளைகளின் காலடியில் போட்டிருக்கிறார்.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். மூங்கில் குச்சியால் கிளறிக் கிளறிக் கழுவினார். பள்ளிக்கூட வாசலில் மை போலக் கறுப்புத் தண்ணீர் வழிந்தது. அது நிற்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மரத்தடியில் நின்ற என்னைப் பார்த்தார்.

"பன்னெண்டு," என்றார். தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார்.

நான் அங்கே இருந்தவரை உச்சி வேளையில் என் பிள்ளைகள் அதன்பிறகு விரல் நீட்டவில்லை. எனக்குத்தான் பழக்கம் போகவில்லை. இன்றும் வீட்டில் குக்கர் விசில் அடித்தால், எண்ணி முடித்துவிட்டு இன்னும் ஒன்றுக்காகக் காத்திருக்கிறேன். மருமகள் அடுப்பை அணைத்த பிறகும்.

அன்று எல்லோரும் கலைந்தபிறகு குப்பம்மாவும் நானும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவர் உள்ளங்கையை விரித்து, காய்த்துப்போன கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எத்தினி அடி அடிச்சிருப்பேன் அந்தக் கல்லு மேல? கணக்கு போட்டுச் சொல்லுங்களேன்."

சுலபமான கணக்கு. எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய எத்தனை அடி என்பதும் தெரியும், தினமும் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் நான்தானே. எதை எதால் பெருக்கினாலும் ஒரே விடைதான் வரும்.

"தெரியாது குப்பம்மா," என்றேன்.

இன்றுவரை அதைப் பெருக்கிப் பார்க்கவில்லை.